ப்ரீகால்குலஸ்: அப்பா அம்மாக்கள் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

நாங்க டெக்சாஸ்ல டல்லாஸ் பக்கம் இருக்கோம். சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்குற ரெண்டு மணி நேரத்துல பெரிய பசங்க நாலஞ்சு பேர உக்கார வச்சு கணக்கு சொல்லிக் குடுக்குறது என் வழக்கம், ஆறேழு வருஷமா போயிட்டிருக்கு. வெளிய வந்தா காரிடார்ல நிக்குற அப்பா அம்மாக்கள் கேக்குறது எல்லாம் சுத்திச் சுத்தி ஒரே கேள்விகள்தான், அதனால இங்க மொத்தமா எழுதி வச்சுட்டேன். கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

1. ப்ரீகால்குலஸ்னா என்னங்க? நம்ம ஊர் படிப்புல இது எதுக்குச் சமம்?

கால்குலஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கை பழகியிருக்க வேண்டிய விஷயங்கள ஒரு வருஷத்துல சேத்துக் குடுக்குற பாடம். பாலினாமியல், ரேஷனல் ஃபங்ஷன், எக்ஸ்பொனென்ஷியல், லாக், டிரிக்னாமெட்ரி, போலார், ஸ்கூலப் பொறுத்து கொஞ்சம் வெக்டர், மேட்ரிக்ஸ், சீக்வென்ஸ். நம்ம +1 கணக்குப் புத்தகத்த எடுத்தா சார்புகள், முக்கோணவியல், ஈருறுப்புத் தேற்றம், பகுமுறை வடிவியல், அணிகள், வெக்டர்னு வரும் பாருங்க, ஏறக்குறைய அதுதான். ஆனா +1ல வருஷக் கடைசியில வகையீடு தொகையீடு எல்லாம் வந்துடும், இங்க அது அடுத்த வருஷத்துக்கு.

பெரிய வித்தியாசம் கிராஃப்தான். நாம சமன்பாட்டக் குடுத்தா விடை கண்டுபிடிச்சோம், இங்க கிராஃப காட்டி "இது எந்த மாதிரி ஃபங்ஷன், ரொம்ப தூரம் போனா என்ன ஆகும், எங்க உடையுது, ஏன்"னு கேப்பாங்க. விடையோட சேத்து ஏன்னு ரெண்டு வரி எழுதணும். நமக்கு அந்தப் பழக்கமே கிடையாது, அதனால பசங்க நோட்ட பார்த்தா "என்ன கணக்கையே காணோம், கட்டுரை மாதிரி இருக்கு"ன்னு தோணும். கணக்கு உள்ளதான் இருக்கு.

2. எந்த கிரேடுல படிக்கணும்? பக்கத்து வீட்டுப் பையன் 10வதுலயே எடுக்குறான், நாங்க லேட்டா?

இல்லவே இல்ல. வரிசை அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், அதுக்கு மேல கால்குலஸ். அல்ஜீப்ரா 1ஐ 9வதுல ஆரம்பிச்சா ப்ரீகால் 12வதுல, 8வதுல ஆரம்பிச்சா 11வதுல, 7வதுல ஆரம்பிச்சா 10வதுல. மூணுமே இங்க சாதாரணமா நடக்குறதுதான். கலிஃபோர்னியா மாதிரி சில இடத்துல இன்டக்ரேட்டட் மேத் 1, 2, 3ன்னு பேர் மாறும், சரக்கு அதே சரக்கு.

11வதுல ப்ரீகால், 12வதுல ஏபி கால்குலஸ்னு (ஏபிங்கிறது ஹைஸ்கூல்லயே எடுக்குற காலேஜ் அளவுப் பாடம்) போற பசங்க நல்ல இன்ஜினியரிங் காலேஜ்ல நல்லாவே படிக்கிறாங்க. எந்த வயசுல எடுத்தான்ங்கிறத விட அல்ஜீப்ரா 2 கையில நின்னுச்சாங்கிறதுதான் கேள்வி, அத 4ல சொல்றேன்.

3. நான் +2ல கணக்குல 200க்கு 190. ஆனா பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்க உக்காந்தா பத்து நிமிஷத்துல சண்டை வருது. ஏன்?

இத என்கிட்ட கேக்காத வாரம் கிடையாது. முக்காவாசி சண்டை கணக்குல இல்ல, வார்த்தையில. நாம "3 இன்டு 12"ன்னா 36. இங்க வளர்ற குழந்தைக்கு "3 இன்டு 12"ன்னா 12ஐ 3ஆல வகுக்கறது, விடை 4. நீங்க பெருக்கச் சொல்றீங்க, அவ வகுக்குறா, ரெண்டு பேரும் அவங்கவங்க வழியில சரி. இன்டுக்குப் பதிலா "டைம்ஸ்"னு சொல்லிப் பாருங்க, பாதி சத்தம் அடங்கிடும்.

இன்னும் நிறைய இருக்கு. நேர்கோட்டுச் சமன்பாடு நமக்கு எம்எக்ஸ் பிளஸ் சி, அவங்களுக்கு எம்எக்ஸ் பிளஸ் பி. நம்ம போட்மாஸ் அவங்களுக்கு பெம்டாஸ். ஹெச்சிஎஃப் இங்க ஜிசிஎஃப். நாம பிராக்கெட்னு சொல்றது பேரன்தசிஸ், இன்டிசஸ்னு சொல்றது எக்ஸ்பொனென்ட், சர்ட்ஸ்னு சொல்றது ராடிக்கல். "ஃபேக்டரைஸ் பண்ணு"ன்னா முழிப்பா, "ஃபேக்டர்"னு மட்டும் சொன்னா போதும். எந்த கால்பகுதியில எது பிளஸ்ங்கிறதுக்கு நமக்கு "ஆல் சில்வர் டீ கப்ஸ்", அவளுக்கு "ஆல் ஸ்டூடன்ட்ஸ் டேக் கால்குலஸ்". ஒரு சாயந்திரம் ரெண்டு பேரும் உக்காந்து இந்த மாதிரி ஒரு பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, நான் நிஜமா சொல்றேன், எங்க வீட்டுல ஒட்டியிருந்தோம்.

அப்புறம் ஒண்ணு. நாம நேரா ஷார்ட்கட்டுக்குப் போயிடுவோம், டீச்சர் கேக்குறது அவங்க கிளாஸ்ல சொன்ன வழி. மொதல்ல "உங்க டீச்சர் எப்படிப் போட்டாங்க, காட்டு"ன்னு கேளுங்க. அவ விளக்கும்போதே எங்க தடுக்குதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும். அந்த 190 அப்பதான் உதவும்.

4. அல்ஜீப்ரா 2ல ஏ வாங்கினான், இங்க வந்ததும் சி. திடீர்னு என்ன ஆச்சு?

திடீர்னு எதுவும் ஆகல. போன அக்டோபர்ல ஒரு பையனோட டெஸ்ட் பேப்பர அவங்க அம்மா கொண்டு வந்தாங்க. டாபிக் ரேஷனல் ஃபங்ஷன் (மேலயும் கீழயும் பாலினாமியல் உள்ள பின்னம்), 15 இடத்துல சிவப்பு வட்டம். நானும் அவனும் ஒவ்வொரு வட்டமா போனோம், எந்தத் தப்பு ரேஷனல் ஃபங்ஷன் தெரியாததால, எது அதுக்கு முன்னாடி உள்ளதுன்னு. ப்ரீகால் தப்பு மூணு. மீதி 12ம் பின்னம் கூட்டுறது, மைனஸ் குறிய உள்ள கொண்டு போகாம விட்டது, அடுக்கு விதி. ஒரு இடத்துல 1/எக்ஸ் கூட்டல் 1/(எக்ஸ்+1)ஐ 2/(2எக்ஸ்+1)னு எழுதியிருந்தான், மேலயும் கூட்டி கீழயும் கூட்டிட்டான். எக்ஸுக்கு 1 போட்டுப் பாருடான்னேன். 1ஐயும் அரையையும் கூட்டினா ஒண்ணரை வரணும், அவன் விடையில 2/3 வருது. 1ஓட இன்னொரு பாசிட்டிவ் நம்பரக் கூட்டினா எப்படி 1ஐ விடக் குறையும்னு அவனே தலையில கை வச்சுட்டான்.

இதே மாதிரி இன்னொண்ணு, கூட்டி வர்க்கம் பண்றத தனித்தனியா வர்க்கம் பண்ணிடுவாங்க. 3ம் 4ம் கூட்டி வர்க்கம் பண்ணா 49, தனித்தனியா பண்ணிக் கூட்டினா 25. நம்பர்ல காட்டினா யாருக்கும் புரியும், எழுத்துல வந்தா மறந்துடும். அல்ஜீப்ரா 2ல டெஸ்டுக்கு முந்தின நாள் பார்த்துட்டுப் போனா ஏ வந்துடும், ஏன்னா ஒரு டெஸ்டுல ஒரு டாபிக்தான். ப்ரீகால்ல ஒரு கணக்குக்குள்ளயே பின்னம், ஃபேக்டரிங், அடுக்கு, கிராஃப் நாலும் சேந்து வரும், எது ஆட்டம் காணுதோ அங்க விழுந்துடும்.

செய்ய வேண்டியது இதுதான்: பழைய டெஸ்ட் பேப்பர் மூணு எடுத்து, ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்துல அது எந்த வருஷத்துப் பாடம்னு பையனயே எழுதச் சொல்லுங்க. அப்புறம் தினம் 15 நிமிஷம், ஒரு மாசம், அந்தப் பழைய பாடம் மட்டும். புது ட்யூஷன் சேக்குறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க.

5. எஃப் ஆஃப் எக்ஸ், ஜி ஆஃப் எஃப் ஆஃப் எக்ஸ்னு வருது. இத எப்படி புரிய வைக்கிறது?

கடை கூப்பன் வச்சு. 100 டாலர் ஷூ. உங்க கிட்ட ரெண்டு கூப்பன், ஒண்ணு 20 சதவீதம் தள்ளுபடி, இன்னொண்ணு 10 டாலர் தள்ளுபடி. சதவீதத்த முதல்ல போட்டா 80, அப்புறம் 10 போனா 70. பத்து டாலர முதல்ல போட்டா 90, அதுல 20 சதவீதம் போனா 72. ஒவ்வொரு கூப்பனும் ஒரு ஃபங்ஷன், ஒண்ணு உள்ள போட்டா ஒண்ணு வெளிய வரும். ஒண்ணோட வெளிய வந்தத இன்னொண்ணுக்குள்ள போடுறதுதான் காம்போசிஷன், வரிசைய மாத்தினா விடை மாறும்ங்கிறத 2 டாலர் வித்தியாசம் காட்டிடுச்சு.

இன்வர்ஸ்ங்கிறது பில்லப் பார்த்து பழைய விலைய கண்டுபிடிக்கிறது. பில் 70, கடைசியா கழிச்ச 10ஐ முதல்ல திரும்பக் கூட்டு, 80, அப்புறம் 0.8ஆல வகு, 100. கடைசியா செஞ்சத முதல்ல அவுக்கணும், பசங்க இங்கதான் வரிசைய மாத்திடுவாங்க. இத கெட்டியா புரிஞ்சுக்கிட்டா லாக் (8), இன்வர்ஸ் சைன் (7) ரெண்டும் பாதி முடிஞ்ச மாதிரி.

6. யூனிட் சர்க்கிள மொத்தமா மனப்பாடம் பண்ணச் சொல்றாங்களாம், 16 புள்ளி. இது நியாயமா?

யூனிட் சர்க்கிள்னா ஆரம் 1 உள்ள வட்டம், அது மேல ஒவ்வொரு கோணத்துக்கும் காஸ், சைன் குறிச்சிருப்பாங்க. 16 புள்ளிய மனப்பாடம் பண்ண வேணாம், கால் வட்டம் தெரிஞ்சா போதும். 0, 30, 45, 60, 90 டிகிரிக்கு சைன் வேல்யூ எழுதணுமா? ரூட் 0, ரூட் 1, ரூட் 2, ரூட் 3, ரூட் 4னு வரிசையா எழுதி எல்லாத்தையும் 2ஆல வகுத்துடு. 0, அரை, ரூட் 2 பை 2, ரூட் 3 பை 2, ஒண்ணு. முடிஞ்சுது. காஸ் வேணும்னா அதையே பின்னாலேர்ந்து படி. மீதி முக்கால் வட்டம் கண்ணாடியில பாக்குற மாதிரி அதே நம்பர், குறி மட்டும் மாறும், அதுக்கு 3ல சொன்ன டீ கப் இருக்கு.

பசங்களுக்கு உண்மையிலயே இடிக்கிறது ரேடியன்தான். டிகிரி நல்லாத்தானே இருந்துச்சு, இது எதுக்குன்னு ஒரு பொண்ணு கோவமா கேட்டா. அன்னைக்கு அங்க சாப்பாட்டுக்கு வச்சிருந்த எவர்சில்வர் தட்டு ஒண்ணும் பூக்கட்டுற நூலும் எடுத்துக்கிட்டோம். தட்டு நடுவுலேர்ந்து விளிம்பு வரைக்கும் நூல அளந்து வெட்டினா. அந்த நூல வளைச்சு விளிம்பு மேலயே ஒட்ட வச்சா. அந்த நூலோட ரெண்டு முனையும் நடுப்புள்ளியில உண்டாக்குற கோணம் எவ்வளவோ அதுதான் 1 ரேடியன், 57 டிகிரியும் கொஞ்சமும். முழு விளிம்பையும் சுத்த எத்தன நூல் வேணும்னு வச்சுக்கிட்டே போனா, 6 நூல் வச்சப்புறம் ஒரு கால் நூல விட கொஞ்சம் அதிகமா இடம் மிச்சம் இருந்துச்சு. "6.28, ரெண்டு பை!"ன்னு அவளே கத்தினா. 360ங்கிறது மனுஷன் வச்ச நம்பர், 6.28 அந்தத் தட்டே சொல்ற நம்பர். சின்னத் தட்டு, பெரிய தட்டு எதுல பண்ணாலும் அதேதான் வரும்.

இன்னொண்ணையும் பசங்ககிட்ட சொல்லுங்க. சைன்ங்கிற பேரே நம்ம பக்கத்துலேர்ந்து போனது. ஆரியபட்டர் 499ல எழுதின நூல்ல 24 வேல்யூ உள்ள சைன் அட்டவணை இருக்கு. வடமொழியில ஜ்யான்னா வில்லோட நாண், வட்டத்துக்குள்ள போடுற கோட்ட நாமளும் இன்னைக்கு வரைக்கும் நாண்னுதானே சொல்றோம். அது அரபிக்குப் போய் ஜீபா ஆகி, உயிரெழுத்து எழுதாததால ஜைப்னு படிக்கப்பட்டு, ஜைப்னா உடுப்பு மடிப்புன்னு நினைச்சு லத்தீன்ல சைனஸ்னு மொழிபெயர்த்துட்டாங்க. இத கேட்டப்புறம் யூனிட் சர்க்கிள் அவங்களுக்கு கொஞ்சம் சொந்தமாயிடுது, நான் கண்ணால பார்த்திருக்கேன்.

7. டிரிக் ஐடென்டிட்டி ப்ரூஃப்ல விடை சரியாத்தான் வந்துச்சு, டீச்சர் மார்க்க பிடிச்சுட்டாங்க. கேக்கலாமா?

ஐடென்டிட்டின்னா நாம முற்றொருமைன்னு படிச்சது, எந்தக் கோணம் போட்டாலும் ரெண்டு பக்கமும் சமமா வர்றது. கேக்குறதுக்கு முன்னாடி பேப்பரப் பாருங்க. அநேகமா ரெண்டு பக்கத்தையும் சமம்னு வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பெருக்கி நகத்தியிருப்பா. நிரூபிக்க வேண்டியதே ரெண்டும் சமமாங்கிறதுதான், அத முதல் வரியிலயே உண்மைன்னு எடுத்துக்கிட்டா நிரூபணம் எங்க இருக்கு? ஒரு பக்கத்த மட்டும் எடுத்து, மாத்தி மாத்தி எழுதி, இன்னொரு பக்கமா கொண்டு வரணும். சிக்கலா இருக்குற பக்கத்துல ஆரம்பிக்கணும், வழி தெரியலன்னா எல்லாத்தையும் சைன், காஸா மாத்திடணும். பாதி கணக்கு அதுலயே விழுந்துடும்.

இந்த யூனிட்ல இன்னும் ரெண்டு தப்பு வழக்கமா வரும். சைன் 2எக்ஸ்ங்கிறத 2 சைன் எக்ஸ்னு எழுதுறது. 30 டிகிரி போட்டுப் பாக்கச் சொல்லுங்க, சைன் 60 கிட்டத்தட்ட 0.866, 2 சைன் 30ன்னா 1. அடுத்தது அந்த மைனஸ் 1. சைன் மேல குட்டியா 2 போட்டா வர்க்கம், ஆனா −1 போட்டா ஒண்ணின் கீழ் சைன் கிடையாது, 5ல சொன்ன இன்வர்ஸ், எந்தக் கோணம்னு கேக்குறது. குறியீடே குழப்பமாத்தான் இருக்கு, பசங்க மேல கோவப்படாதீங்க.

8. லாக் எதுக்கு இன்னும் படிக்கணும்? நாங்க கிளார்க்ஸ் டேபிள் புரட்டினோம், இப்பதான் கால்குலேட்டர் இருக்கே?

நாம லாக்க பெருக்குறதுக்கு பயன்படுத்தினோம், பெரிய பெருக்கல கூட்டலா மாத்துறதுக்கு. நேப்பியர்ங்கிறவர் 1614ல லாக்க வெளியிட்டதே அதுக்குத்தான். அந்த வேலை போயிடுச்சு, உண்மை. ஆனா அடுக்குல மாட்டிக்கிட்ட எக்ஸ கீழ இறக்க லாக்க விட்டா வேற வழி கிடையாது. வருஷத்துக்கு 6 சதவீதம் வளர்ற பணம் எப்ப ரெட்டிப்பாகும்? 1.06ஐ எத்தன தடவை பெருக்கினா 2 வரும்னு கேள்வி. லாக் 2ஐ லாக் 1.06ஆல வகுத்தா 11.9 வருஷம். 72ஐ வட்டியால வகுத்தா போதும்னு ஆபீஸ்ல சொல்வாங்களே, 72 பை 6, 12. அந்தக் குறுக்குவழி ஏன் வேலை செய்யுதுன்னு லாக் காட்டிடும், இத வீட்டுக் கடன் பேப்பர் வச்சு ஒரு பையனுக்குக் காட்டினேன், அன்னைக்கு முழுக்க அவன் வேற வேற வட்டி போட்டுப் பார்த்துட்டே இருந்தான்.

நிலநடுக்கம், சத்தத்தோட டெசிபெல், பிஎச் எல்லாம் லாக்தான். நிலநடுக்க அளவு ஒண்ணு கூடினா நிலம் ஆடுற அளவு 10 மடங்கு. தப்பு எங்க வரும்னா, பெருக்கலோட லாக் கூட்டலா பிரியும், ஆனா கூட்டலோட லாக் எதுவாவும் பிரியாது. பசங்க பிரிச்சுடுவாங்க. 4ல சொன்ன மாதிரி நம்பர் போட்டுப் பாக்குறதே மருந்து.

9. டிஐ-84 வாங்கணுமா, டெஸ்மோஸ் போதுமா?

டிஐ-84 கையில வச்சுக்கிற கிராஃபிங் கால்குலேட்டர், டெஸ்மோஸ் அதே வேலைய ஸ்கிரீன்ல செய்யுறது. டீச்சரக் கேட்டுட்டு வாங்குங்க. காலேஜ் சேர்க்கைக்கு எழுதுற எஸ்ஏடியிலயும் ஏபி பரீட்சை நடத்துற ப்ளூபுக் ஆப்லயும் டெஸ்மோஸ் உள்ளயே இருக்கு, அதனால அத நல்லாப் பழகணும். ஆனா கிளாஸ் டெஸ்டுல சில டீச்சர் டிஐ மட்டும்தான் விடுவாங்க, ஸ்கூல்லயே இரவலும் தருவாங்க, புதுசு வாங்க அவசரப்படாதீங்க.

எது வாங்கினாலும் முதல்ல டிகிரியா ரேடியனான்னு பாக்கச் சொல்லுங்க. சைன் 30 போட்டு 0.5 வந்தா டிகிரி, −0.988 வந்தா ரேடியன்ல நிக்குது. மொத்த டெஸ்டையும் தப்பு மோட்ல எழுதிட்டு வந்த பசங்க ரெண்டு பேர எனக்குத் தெரியும், ரெண்டு பேரும் கணக்கு நல்லாத் தெரிஞ்சவங்க.

10. ரெகுலர், ஆனர்ஸ், இப்ப ஏபி ப்ரீகால்குலஸ்னு வேற வந்திருக்கு. எதுல போடுறது?

ஏபி ப்ரீகால்குலஸ் 2023 ஆகஸ்ட் செப்டம்பர்ல ஆரம்பிச்ச கல்வியாண்டுலதான் வந்துச்சு, முதல் பரீட்சை 2024 மே. நாலு யூனிட்: பாலினாமியல் ரேஷனல், எக்ஸ்பொனென்ஷியல் லாக், டிரிக் போலார், நாலாவது பாராமீட்டர், வெக்டர், மேட்ரிக்ஸ். பரீட்சையில முதல் மூணுதான் வரும், நாலாவது ஸ்கூல் இஷ்டம். 3 மணி நேரம், 40 அப்ஜெக்டிவ், 4 எழுத்துக் கேள்வி. அப்ஜெக்டிவ்ல 28க்கு கால்குலேட்டர் கிடையாது, 12க்கு உண்டு. எழுத்துக் கேள்வி நாலுல ரெண்டுக்கு உண்டு, ரெண்டுக்கு இல்ல. அப்ஜெக்டிவ்க்கு 62.5 சதவீதம், எழுத்துக்கு 37.5.

என் அபிப்பிராயம், இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் போற பிள்ளைக்கு இந்தப் பரீட்சையில கிடைக்கிற காலேஜ் கிரெடிட்டால பெரிய லாபம் இல்ல, அங்க படிப்பே கால்குலஸ்லதான் ஆரம்பிக்கும். கணக்கு அதிகம் வேண்டாத மேஜர் (காலேஜ்ல எடுக்குற முக்கியப் பாடம்) போற பிள்ளைக்கு அது உண்மையிலயே ஒரு கோர்ஸ மிச்சப்படுத்தலாம், அந்தக் காலேஜோட பக்கத்துல பார்த்துக்கணும். டெக்சாஸ்ல நம்ம ஆளுங்க ஏபின்னு ஓடுறதுக்குக் காரணம் ஜிபிஏல (எல்லா கிரேடோட சராசரி) கூடுதல் பாயின்ட், கிளாஸ் ராங்க். யூடி ஆஸ்டின்ல (ஆஸ்டின்ல இருக்குற டெக்சாஸ் யூனிவர்சிட்டி) தானா இடம் கிடைக்க 2026 இலையுதிர் சேர்க்கையிலேர்ந்து வகுப்புல முதல் 5 சதவீதம்னு ஆயிடுச்சு, முன்னாடி 6. பயம் புரியுது. ஆனா ஏபில சி வாங்கினா அந்தக் கூடுதல் பாயின்ட்டே கரைஞ்சுடும். ஸ்கூல்ல எந்த டீச்சர் எத எடுக்குறாங்கன்னு சீனியர் பசங்ககிட்ட கேளுங்க, பேர விட அதுதான் பெரிய வித்தியாசம்.

11. சம்மர்ல ஆறு வாரத்துல ஆன்லைன்ல ப்ரீகால முடிச்சுட்டு நேரா ஏபி கால்குலஸ் பிசிக்கு தாண்டிடலாமா?

இதுக்கு எங்க வீட்டுலயே அனுபவம் இருக்கு. என் பெரியவன் 10வது முடிச்ச சம்மர்ல ஒரு ஆன்லைன் கோர்ஸ்ல ப்ரீகால முடிச்சான், கிரேடும் ஏ. நான்தான் ஊக்கப்படுத்தினேன். செப்டம்பர்ல பிசி கிளாஸ்ல (ஏபி கால்குலஸ்ல ரெண்டு வகை, இது வேகமான வகை) டெரிவேட்டிவ் ஆரம்பிச்சாங்க. 3 கூட்டல் ஹெச்ச வர்க்கம் பண்ணி, 9 கழிச்சு, ஹெச்சால வகு. விரிச்சா 9 கூட்டல் 6ஹெச் கூட்டல் ஹெச் வர்க்கம், 9 அடிபடும், ஹெச்சால வகுத்தா 6 கூட்டல் ஹெச். இதுல கால்குலஸ் எங்க? கடைசியா ஹெச்ச பூஜ்யத்துக்குக் கிட்ட கொண்டு போய் 6னு சொல்றது மட்டும்தான் கால்குலஸ், மேல உள்ள மூணு வரியும் ப்ரீகால். அந்த மூணு வரிக்கு அவனுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு, கிளாஸ் அதுக்குள்ள அடுத்த டாபிக். டிரிக் வந்தப்ப இன்னும் மோசம், ஆறு வாரத்துல படிச்ச ஐடென்டிட்டி நவம்பர்ல ஒண்ணும் நிக்கல. டிசம்பர் லீவு முழுக்க நானும் அவனும் உக்காந்து ப்ரீகால மறுபடி பண்ணோம். வருஷத்த முடிச்சுட்டான், ஆனா கணக்கு மேல இருந்த ஆசை திரும்ப வர ரொம்ப நாள் ஆச்சு. அது இப்பவும் எனக்கு மனசுல உறுத்துது.

சில பசங்களால முடியும், நான் பார்த்திருக்கேன். எப்படித் தெரிஞ்சுக்கிறது? 4ல சொன்ன சோதனைய பண்ணுங்க, அல்ஜீப்ரா 2 பேப்பர்ல பழைய பாடத் தப்பே கிடையாது, யாரும் சொல்லாமலே புது கணக்கு தேடிப் போடுறான்னா போகலாம். அவன் கேக்கல, நாமதான் கேக்குறோம்னா வேணாம்.

12. டூயல் கிரெடிட்ல கம்யூனிட்டி காலேஜ் ப்ரீகால் எடுத்தா சுலபம்னு சொல்றாங்களே?

டூயல் கிரெடிட்னா ஒரே கோர்ஸுக்கு ஹைஸ்கூல், காலேஜ் ரெண்டு கிரெடிட்டும் வாங்குறது. டெக்சாஸ்ல காலேஜ் ப்ரீகால் பொது எண்ல மேத் 2412, அதுக்கு முந்தினது காலேஜ் அல்ஜீப்ரா 1314, அடுத்தது கால்குலஸ் 1, 2413. இது நிஜ காலேஜ் கோர்ஸ், அந்த கிரேடு காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்ல நிரந்தரமா உக்காந்துடும். ஹைஸ்கூல்ல சி வாங்கினா ஹைஸ்கூலோட போச்சு, இதுல சி வாங்கினா பின்னாடி மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றப்பவும் காட்டணும். சுலபம்னு நினைச்சு போடாதீங்க. தானா படிச்சுக்கிற, ஈமெயில் பார்த்து டெட்லைன் கவனிச்சுக்கிற பிள்ளைக்கு நல்ல வழி.

13. எஸ்ஏடி கணக்குக்கு ப்ரீகால் முடிச்சிருக்கணுமா?

வேணாம். எஸ்ஏடி 44 கேள்வியும் பெரும்பாலும் அல்ஜீப்ரா 1, 2, கொஞ்சம் ஜியாமெட்ரி, அடிப்படை டிரிக், டேட்டா. ஆனா ப்ரீகால் படிக்கிற வருஷத்துல எழுதினா கை சூடா இருக்கும், அந்த வகையில உதவும்.

14. முதல் செமஸ்டர் சி. அடுத்த வருஷம் கால்குலஸா, ஸ்டாட்டிஸ்டிக்ஸா? ஸ்டாட்ஸ் போனா கௌரவக் குறைச்சலா?

கௌரவத்த ஓரமா வைங்க. பிள்ளை என்ன மேஜர் நினைக்குதுன்னு பாருங்க. இன்ஜினியரிங், ஃபிசிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ்னா எப்படியும் காலேஜ்ல கால்குலஸ் உண்டு, அதனால ஓட்டைய அடைச்சுட்டு ஏபி கால்குலஸ்ல AB வகைய எடுக்கலாம், பிசி வேணாம். AB நிதானமா போகும், அது காலேஜ் முதல் செமஸ்டர் அளவு, பிசி ரெண்டு செமஸ்டர். பயாலஜி, சைக்காலஜி, பிசினஸ் பக்கம்னா ஸ்டாட்ஸ் அவங்க தினமும் தொடப் போற கணக்கு, எந்த விதத்துலயும் குறைஞ்சது இல்ல.

சி வந்ததுக்குக் காரணம் டிரிக் யூனிட் மட்டுமா, முதல் யூனிட்லேர்ந்தேவான்னு பிரிச்சுப் பாருங்க. டிரிக் மட்டும்னா சம்மர்ல ஆறு வாரம் அத மட்டும் பண்ணா சரியாயிடும். 11ல சம்மர் கோர்ஸ வேணாம்னேனே, அது தாண்டிப் போறதுக்கு. ஓட்டைய அடைக்க சம்மர் மாதிரி நல்ல நேரம் இல்ல.

15. ஃபோட்டோ எடுத்தா ஆப் ஸ்டெப் ஸ்டெப்பா போட்டுக் குடுத்துடுது. ஹோம்வொர்க் எல்லாம் 100, டெஸ்ட்ல 62. என்ன பண்றது?

ஃபோன புடுங்கினா ஃபிரெண்டு ஃபோன்ல பண்ணுவான். எங்க குரூப்ல வேலை செஞ்ச ஒரு வழி சொல்றேன். முதல்ல 10 நிமிஷம் தானா போடணும், மாட்டிக்கிட்டா ஆப் பாக்கலாம், ஆனா பார்த்துட்டு மூடி வச்சுட்டு வெள்ளைப் பேப்பர்ல முதல் வரியிலேர்ந்து திரும்ப எழுதணும். எழுத முடியலன்னா அது புரியல, பார்த்தது மட்டும்தான். ஞாயித்துக்கிழமை அந்த வாரக் கணக்குல உங்க இஷ்டத்துக்கு மூணு பொறுக்கி, எதையும் பாக்காம போடச் சொல்லுங்க. உங்களுக்கு கணக்கு தெரிய வேண்டிய அவசியமே இல்ல, விடை புத்தகத்துல இருக்கு. ஒரு அம்மா தமிழ் எம்ஏ, கணக்குன்னாலே பயம்னு சொன்னவங்க, வாரா வாரம் இத பண்ணி பொண்ண 62லேர்ந்து 84க்குக் கொண்டு வந்தாங்க.

16. ஊர்லேர்ந்து இப்பதான் வந்தோம், பையன் +1 பாதி முடிச்சவன். அல்ஜீப்ரா 2ல போடுவோம்ங்கிறாங்க, அவன் ஏற்கனவே டிஃபரென்ஷியேஷன் தொட்டவன்!

இது ஸ்கூல்ல எந்தப் பாடத்துல போடுறதுன்னு பாக்குற கவுன்சிலருக்கு நம்ம சிலபஸ் தெரியாததால வர்றது. 10வது மார்க் ஷீட், +1 கணக்குப் புத்தகத்தோட பொருளடக்கம் ரெண்டையும் இங்கிலீஷ்ல கொண்டு போங்க, இங்கிலீஷ் மீடியம் புத்தகத்தோட பிடிஎஃப் போதும். ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்துல இங்க அது எந்தக் கோர்ஸ்ல வருதுன்னு பென்சில்ல குறிச்சுக் குடுங்க. தேர்வு வச்சு கிரெடிட் வாங்க டெக்சாஸ்ல வழி உண்டு, கிரெடிட் பை எக்ஸாம்னு கேளுங்க, தேதிய ஸ்கூல்தான் சொல்லும்.

அநேகமா ப்ரீகால்தான் சரியான இடம், கால்குலஸ் இல்ல. அவனுக்கு கணக்கு தெரியும், ஆனா கிராஃபப் படிச்சு ஏன்னு எழுதுறது (1ல சொன்னது), கிராஃபிங் கால்குலேட்டர், இந்த ஊர் வார்த்தைகள் (3) எல்லாம் புதுசு. ஸ்கூல், சாப்பாடு, பேச்சு எல்லாமே மாறியிருக்கற வருஷத்துல ஒரு கிளாஸ்லயாவது அவன் கை தூக்கி பதில் சொல்லட்டுமே. ரெண்டு வருஷம் முன்னாடி திருச்சியிலேர்ந்து வந்த பையன் ஒருத்தன் முதல் வாரம் சைன் கிராஃப் பார்த்து முழிச்சான், ஐடென்டிட்டி யூனிட் வந்தப்ப கிளாஸ்லயே அவன்தான் போர்டுல போட்டுக் காட்டினானாம். இப்ப சனிக்கிழமை என்கூட உக்காந்து சின்ன பசங்களுக்கு அவனும் சொல்லிக் குடுக்குறான், இன்டுன்னு வாயில வந்தா உடனே டைம்ஸ்னு திருத்திக்குறான்.